கரடிக்கல்லில் கேட்ட குரல்

செவிப்பெட்டியில் பதிவான அந்த ஏழு விநாடிப் பாட்டை டாக்டர் வசுந்தரா மூன்றாம் முறை போட்டபோது, மைமூன் கையிலிருந்த புழுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. சோலைப்பறவை வளர்ப்பு மையத்தின் பதினோரு ஊழியர்களும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைசூர்பாக்கு வாங்கக் குன்னூருக்கு ஆள் போயிருந்தது.

"இருக்கு மைமூன். அழிஞ்சு போச்சுன்னு நாமளே எழுதிக் கொடுத்த இனம், கரடிக்கல்லுல உயிரோட இருக்கு" என்றார் டாக்டர். கன்னத்தில் வழிந்த கண்ணீரை அவர் துடைக்கவில்லை.

மைமூன் மறுபடியும் கேட்டாள். மேலே ஏறும் நான்கு சீழ்க்கைகள், ஒரு நடுக்கம், கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. அந்த இழுப்பின் நடுவில் குரல் ஒரு கணம் அறுந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஒட்டிக்கொண்டது.

மையத்தில் பழைய பதிவுகள் நானூறு இருந்தன. எதிலும் அந்த அறுபடல் கிடையாது. உலகத்தில் ஒரே ஒரு பறவைதான் அப்படிப் பாடியது. நுரையீரலில் சளி கட்டிப் பிழைத்த நாளிலிருந்து அதற்குக் கடைசி இழுப்பை ஒரே மூச்சில் முடிக்க வரவில்லை. எல்லோரும் அதைப் பெரியவர் என்றே கூப்பிட்டார்கள். போன மார்கழியில் ஒரு காலை, மைமூனின் உள்ளங்கையில் பெரியவர் அடங்கினார். அன்றோடு வடக்குச் சோலைப்பாடி என்ற இனம் முடிந்தது என்று மையம் எழுதிக் கையெழுத்திட்டது.

இறந்த பறவை பாடாது. அப்படியானால் கரடிக்கல்லில் பாடுவது யார் என்பது அந்த அறையில் மைமூனுக்கு மட்டும் தெரிந்தது. மைசூர்பாக்கு வந்தது. தன் பங்கை அவள் தாளில் மடித்து வைத்துவிட்டாள்.

*

சோலைப்பாடியில் இரண்டு இனம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே கொடைக்கானல் மலையில் ஒன்று. இரண்டும் மைனாவைவிடச் சிறியவை, இரண்டும் கருநீலம், இரண்டும் சோலைக்காட்டின் ஈரச் சருகைக் கிளறிப் புழு தின்பவை. வடக்கத்திக்கு விலாவில் துருப்பிடித்த இரும்பின் நிறம் இருக்கும். தெற்கத்திக்கு வயிறு வெள்ளை. என்றோ ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தவை, நடுவில் வெயில் காயும் அந்தத் தாழ்வான நிலத்தைக் கடக்கத் தெரியாமல் லட்சக்கணக்கான வருடங்கள் தனித்தனியே வாழ்ந்து, பாட்டும் மாறி, பேரும் மாறிப்போனவை.

சட்டத்தின் முன்னால் மட்டும் அவை இன்னும் உடன்பிறப்புகள். எல்லா உயிருக்கும் காடு ஒதுக்க முடியாது என்று ஆகிவிட்ட காலம் அது. ஆகவே, நெருங்கிய இரண்டு இனங்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு காட்டைத்தான் பூட்டினார்கள். இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறதோ அதன் காடு பூட்டப்படும். பூட்டிய காட்டில் மனிதர் வசிக்கக் கூடாது. மற்றக் காடு ரோட்டுக்கும் விடுதிக்கும் திறந்துவிடப்படும். எது ஆபத்தில் இருக்கிறது என்பதை மரத்தில் கட்டிய செவிப்பெட்டிகள் சொல்லும். பறவையின் பாட்டைக் கேட்டு இனம் பிரித்து அவை எண்ணிக்கொடுக்கும். 'கண் தவறும், ஒலி தவறாது' என்பது அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்தில் இருந்த வாக்கியம். பெட்டிகள் வந்த பிறகு காட்டுக்குள் ஆள் போய்ப் பார்ப்பது நின்றுவிட்டது.

முதலில் வடக்கே கரடிக்கல் சோலை பூட்டப்பட்டது. பிறகு அங்கே மூன்று வருடம் பாட்டே கேட்கவில்லை. அதனால் ஒன்றரை வருடத்துக்கு முன்பு பூட்டு தெற்கே தேன்பாறைச் சோலைக்குப் போயிற்று. அங்கே நானூறு பறவைகள் மிச்சம் இருந்தன.

மையத்துக்கும் ஒரு விதி இருந்தது. பெரியவர் ஓர் அறையில். தேன்பாறையிலிருந்து கொண்டுவந்த முட்டைகளில் பொரிக்கும் தெற்கத்திக் குஞ்சுகள் வேறோர் அறையில். ஒன்றின் குரல் மற்றதின் காதில் விழக் கூடாது. குஞ்சு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பாடும்.

மைமூன் அந்த விதியை எட்டு வருடம் காத்தாள். போன சித்திரையில்தான் மீறினாள். பெரியவர் விடிந்ததிலிருந்து பாடிக்கொண்டிருப்பார். பாடிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். பதில் வராது. மறுபடி பாடுவார். பிறகு தன் மார்பு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், மதியத் தொழுகை முடிந்ததும் குஞ்சுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தாள். மூன்று குஞ்சுகள்: இரண்டு பெட்டை, ஒரு சேவல். பெட்டைகள் பாடாது என்பதால் ஆபத்தில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சேவல் குஞ்சு கம்பியில் முகத்தை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. பெரியவர் இறகு பிடுங்குவதை நிறுத்தினார்.

ஜூன் மாதப் புயல்காற்றில் பறப்புக் கூடத்தின் வலை கிழிந்தது. பெட்டைகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. சேவலைக் காணோம். தெற்கத்திப் பறவை வடக்கு மலையில் தப்பிப் பறந்தால் அது பெரிய குற்றம். மைமூன் பதிவேட்டில் 'மழையில் இறந்தது' என்று எழுதினாள். மூன்று நாள் பெய்த மழையில் அது பிழைத்திருக்காது என்றுதான் அப்போது நம்பினாள். ஆனால் நம்புவது வேறு, கண்ணால் பார்த்ததுபோல் எழுதுவது வேறு.

இரக்கப்பட்டு விதியை மீறியதற்காக அவள் ஒருநாளும் வருந்தவில்லை. மறைத்ததுதான் அவளைத் தொழுகையில் நிம்மதியாக நிற்கவிடவில்லை. கைகட்டி நின்றால் அந்த இரண்டு சொல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

*

மறுநாள் காலை, காடுகளைப் பூட்டும் ஆணையத்திலிருந்து தாமோதரன் ஜீப்பில் வந்தான். முப்பது வயதிருக்கும், பொள்ளாச்சிக்காரன். பெட்டி பழுதில்லாமல் இருக்கிறதா, பாட்டு நேரில் கேட்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவன் வேலை. பாட்டைக் கேட்டுப் பழகியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்றான். டாக்டர் மைமூனைக் கை காட்டினார்.

ஜீப் கோத்தகிரி ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கியது. மைமூன் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். தேயிலைச் சரிவு, சவுக்கு, மறுபடி தேயிலை. பின் இருக்கையில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. வளைவில் சரிந்து அவள் மடியில் விழுந்தது. அதன் மேல் 'வெளியேற்ற அறிவிப்பு - 31 பிரதிகள்' என்று அச்சடித்திருந்தது.

அது என்ன என்று கேட்டாள். கரடிக்கல் சோலையின் ஓரத்தில், பழைய எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களில், முப்பத்தொரு குடும்பம் இருப்பதை அவன் சொன்னான். முதல் பூட்டின்போது அவர்களைக் கீழே ஒரு கொட்டகைக்கு மாற்றினார்கள். ஐந்து வருடம் அங்கே கிடந்து, பூட்டு தெற்கே போன பிறகுதான் திரும்பி வந்து கூரை போட்டார்கள்.

"இப்ப பாட்டு உறுதியாச்சுன்னா?"

"நாப்பது நாள் அவகாசம்ங்க அக்கா."

"தேன்பாறை?"

"அது திறந்துரும். ரோப்கார் போடறதுக்கு வரைபடமெல்லாம் ரெடியா வெச்சிருக்காங்க." அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "போன தடவ இந்த அறிவிப்ப கதவு கதவா ஒட்டுனது நாந்தானுங்க. அப்ப நான் புதுசு. பசை டப்பாவ ஒரு அம்மா வாங்கி, அவங்க வீட்டுக் கதவுல அவங்களே ஒட்டிட்டாங்க. 'நீ கோணையா ஒட்டுவ'ன்னாங்க. அது இன்னும் மனசுல கெடக்குது."

மைமூன் உறையை இருக்கையில் வைக்கவும் முடியாமல், மடியில் வைத்திருக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இதுவரை தன் பொய் தன்னோடு மட்டும் இருப்பதாக நினைத்திருந்தாள். ஒரு பறவை பிழைத்தது; அது எங்கோ பாடுகிறது; யாருக்கு நஷ்டம் என்றுகூட முந்தைய இரவு படுக்கையில் தன்னைச் சமாதானப்படுத்தியிருந்தாள். இப்போது முப்பத்தொரு கதவும், தேன்பாறையின் நானூறு பறவையும் அந்த உறைக்குள் இருந்தன. அந்த நானூறின் குஞ்சுகளுக்குத்தான் அவள் எட்டு வருடமாக இடுக்கியால் புழு ஊட்டுகிறாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். டாக்டர் நேற்று அழுததை நினைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த வளைவு வந்தது, போயிற்று.

*

லயத்தின் முதல் வீட்டுக்காரி தனபாக்கியம். நாற்பத்தைந்து வயது இருக்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தொரை. பசை டப்பா கொண்டாந்திருக்கீங்களா, நான் காய்ச்சவா?" என்றாள்.

தாமோதரனுக்கு முகம் சிவந்தது. மேலே காட்டில் ஒரு பாட்டுக் கேட்டதாகப் பெட்டி சொல்கிறது, சும்மா சரிபார்க்க வந்தோம் என்று மெதுவாகச் சொன்னான். சரிபார்க்க வந்தவர்கள் எல்லாம் கடைசியில் மூட்டை கட்டத்தான் சொன்னார்கள் என்றாள் அவள். சொல்லிக்கொண்டே உள்ளே போய் மூன்று டம்ளரில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். திட்டுகிறவர்களுக்கும் திட்டு வாங்குகிறவர்களுக்கும் அந்த மலையில் தேத்தண்ணி உண்டு.

புதிதாகப் பூசிய சுவர் இன்னும் முழுக்கக் காயவில்லை. தனபாக்கியம் அதைக் காட்டிப் பேசினாள். அவளுடைய தாத்தாவை இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அப்பா காலத்தில் எஸ்டேட்டை மூடினார்கள். அவள் காலத்தில் பறவைக்காகக் காலிசெய்யச் சொன்னார்கள். "பறவ மேல எனக்குக் கோவம் கெடையாது பாயம்மா. அது என்ன செய்யும், பாவம். ஆனா எங்க தலைமுறைக்கு ஒருக்கா யாராச்சும் ஒருத்தர் பேப்பர தூக்கிக்கிட்டு வந்துர்றாங்க. இந்தச் செவுரு காயறதுக்குள்ள வந்துட்டீங்களே, அதான்."

அப்போது காட்டோரத்தில் அது பாடியது.

நான்கு சீழ்க்கை, நடுக்கம், நீண்ட இழுப்பு. நடுவில் மூச்சு அறுந்தது, ஒட்டியது. தாமோதரன் டம்ளரை வைத்துவிட்டுக் கைக்கருவியை உயர்த்தினான். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது: வடக்குச் சோலைப்பாடி. அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். மகிழ்ச்சி அவன் முகத்தில் இல்லை.

"சார், எழுதாதீங்க" என்றாள் மைமூன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தேத்தண்ணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது வடக்கத்தி இல்ல. தெற்கத்தி. எங்க மையத்துல என் கையால வளந்தது. போன வருசக் காத்துல வல கிழிஞ்சு பறந்துடுச்சு. செத்துடுச்சுன்னு நான் எழுதிட்டேன்."

"பாட்டு வடக்கோடதுங்களே அக்கா. பெட்டியே..."

"பெட்டிக்குப் பாட்டுதான் தெரியும். அதுக்கு அந்தப் பாட்ட எங்க பெரியவர் சொல்லிக் கொடுத்தாரு. நான்தான் கூண்ட தூக்கிட்டுப் போயி பக்கத்துல வெச்சேன். அவரு தனியா இருந்தாரு சார். என்னால பாத்துட்டு இருக்க முடியல." அவள் காட்டோரத்தின் பக்கம் திரும்பினாள். "நடுவுல மூச்சு வாங்குது பாருங்க, அது அவரோட சீக்கு. பழைய பதிவு எல்லாத்தையும் போட்டுக் கேளுங்க, எதுலயும் இருக்காது. இதுக்குச் சீக்கு ஒண்ணும் கெடையாது. அப்படித்தான் பாடணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

தாமோதரன் பேனாவை மூடினான். இதை எழுதினால் அவளுக்கு வேலை போய்விடும், ஒருவேளை வழக்கும் வரும் என்று சொன்னான். அவளுக்குத் தெரியும். இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியவே போவதில்லை என்றும் சொன்னான். அதை அவன் ஆசைகாட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்காக வருந்திச் சொன்னான்.

"எனக்குத் தெரியுமே சார்" என்றாள் மைமூன்.

*

தனபாக்கியம் டம்ளர்களை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். கழுவும் சத்தம் கேட்டது. தேவைக்கு அதிகமாகவே கழுவினாள். அவளுக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வடக்கத்தி இல்லையென்றால் பூட்டு இல்லை, பூட்டு இல்லையென்றால் வீடு நிற்கும். ஆனால் வெளியே வந்தபோது அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இந்தப் பாயம்மா எதுக்கு வந்துச்சு இங்க" என்று தாமோதரனிடம் கேட்டாள். "வராம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்."

அவனுக்குப் புரியவில்லை.

"இது வேலையவே தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கு, நாங்க கெட்டுப் போயிரக் கூடாதுன்னு. இத பாத்துட்டு நான் மட்டும் எப்புடி இருக்கறது? வாங்க. சத்தம் போடாம வாங்க."

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடைக்கால். அதன் கரையில் வாழையும் சேம்பும் வைத்திருந்தாள். ஐந்து வருடம் உண்ணிச்செடி மூடிக் கிடந்த இடம். திரும்பி வந்த பிறகு வெட்டித் திருத்தியது. சமையல் கழிவும் தேயிலைச் சக்கையும் கொட்டிக் கொட்டி மண் கறுப்பாகப் பொதுபொதுவென்று இருந்தது. அவள் மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு, பின்னால் வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

வாழைத்தாரின் நிழலில் ஏதோ அசைந்தது. முதலில் வந்தது பாட்டுக்காரன். வயிறு பளிச்சென்ற வெள்ளை. மைமூன் கண்ணை மூடித் திறந்தாள். அவள் சொன்னது உண்மை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தாமோதரன் தலையசைத்தான்.

"அது இல்ல" என்று கிசுகிசுத்தாள் தனபாக்கியம். "அதுக்கு அந்தப் பக்கம் பாருங்க."

சேம்பிலைக்குக் கீழே இன்னொரு பறவை. சத்தமே இல்லாமல் வந்து நின்றது. கருநீலம். விலாவில் துருவின் நிறம். வெட்டிய மண்ணில் ஒரு புழுவை உருவி விழுங்கியது. பிறகு ஒரு காய்ந்த வேரை அலகில் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் பறந்தது.

எட்டு வருடம் பெரியவரின் விலாவைத் துடைத்த விரல்கள் அவளுடையவை. அவளுக்கு அந்த நிறம் தப்பாது.

"வடக்கத்தி" என்றாள். "பெட்டை."

"மூணு இருக்கு" என்றாள் தனபாக்கியம். "நாங்க திரும்பி வந்த மூணாம் மாசத்துலருந்து பாக்கறேன். நான் மண்ணு வெட்டுனா வரும். மூணும் வாயில்லாததுங்க. உங்க பெட்டிக்கு எப்புடித் தெரியும்? இந்த வெள்ள வயித்துக்காரன் மாசியில வந்தான். வந்து பாடுனப்புறம் ஒண்ணு அவன்கூட சேந்துக்கிச்சு."

"ஏங்க சொல்லல?" என்றான் தாமோதரன்.

"சொன்னா பூட்டு வரும். பூட்டு வந்தா நாங்க போவணும். போனா இந்த மண்ண யாரு வெட்டுவா? போன தடவ பூட்டுன மூணாம் வருசம் பாட்டு நின்னுச்சாம்ல, நீங்கதான எழுதுனீங்க. ஏன் நின்னுச்சுன்னு எழுதுனீங்களா?"

தாமோதரன் உண்ணிச்செடி மூடிய அக்கரையைப் பார்த்தான். அங்கே ஒரு பறவை நுழையவும் இடமில்லை. பூட்டிய காட்டில் பாட்டுக் கேட்பது நின்றதும் பறவை செத்துவிட்டது என்று அவர்கள் எல்லோரும் முடிவு கட்டினார்கள். சேவல்கள் அழிந்ததைப் பெட்டி சரியாகவே சொன்னது. பாடாத பெட்டைகள் இருந்ததை அது எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. யாரும் குனிந்து பார்க்கவுமில்லை.

அவனுக்கு இப்போதுதான் பயம் வந்தது. பொய்ப்பாட்டு என்றால் பூட்டு இல்லை. ஆனால் உண்மையான வடக்கத்தி மூன்று இருக்கிறது என்று ஓர் அதிகாரி தன் கண்ணால் பார்த்துவிட்டான். எழுதினால் பூட்டு வரலாம். எழுதாவிட்டால், நேற்றுவரை மைமூன் சுமந்ததை இனி அவன் சுமக்க வேண்டும்.

"நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டான். அதை அவன் யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

தனபாக்கியம் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "பாத்தத எழுதுங்க தம்பி. பாத்தது எங்க வாழத் தோட்டத்துல, வேற எங்கயும் இல்லன்னு அதையும் சேத்து எழுதுங்க."

தொரை என்று கூப்பிட்டவள் தம்பி என்று கூப்பிட்டதை அவன் கவனித்தான். மைமூன் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் ஓடையில் கை கால் கழுவி, ஒரு வாழை இலையை விரித்து மதியத்து லுஹர் தொழுதாள். அன்று அவளால் நிற்க முடிந்தது.

*

தாமோதரன் எழுதிய பன்னிரண்டு பக்கத்தையும் ஆணையம் விரும்பவில்லை. கண்ணால் கண்டது சான்றாகாது என்று திருப்பி அனுப்பியது. அவன் மறுபடி அனுப்பினான். டாக்டர் வசுந்தராவும் வந்து வாழைத் தோட்டத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் பெயரில் ஒரு கடிதம் சேர்த்தார். அதற்கு முன் எட்டு நாள் அவர் மைமூனோடு பேசவில்லை. மைமூனின் பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டதும் அவர்தான். கையெழுத்திட்டுவிட்டு, "உங்க இடத்துல நான் கூண்ட தூக்கியிருக்க மாட்டேன். அது எனக்குப் பெருமையா இல்ல" என்றார்.

வைகாசி நடுவில் உத்தரவு வந்தது. பூட்டு தேன்பாறையிலேயே நீடிக்கும். கரடிக்கல் குடும்பங்கள் அடுத்த ஆய்வுவரை இருக்கலாம்; ஓடைக்காலையும் தோட்டத்தையும் இப்போது இருப்பதுபோலவே வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆய்வு எப்போது என்று அதில் இல்லை. நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் தனபாக்கியம் சுவருக்கு வெள்ளையடித்தாள்.

மைமூன் வாரத்தில் இரண்டு நாள் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வராதே என்று சொல்லவுமில்லை. ஓடை மேட்டில் பெரணிக்குப் பின்னால் ஒரு பொந்தில் கூடு இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சு.

ஒரு காலை தாமோதரன் கைபேசியில் கூப்பிட்டான். குஞ்சுகளைப் பதிவுசெய்யப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், அதில் வடக்கு, தெற்கு என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, இறகு முளைத்துவிட்டதா, எந்த நிறம் என்று கேட்டான். மைமூன் ஈர மண்ணில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்துப் பொந்துக்குள் பார்த்தாள். வெள்ளையும் இல்லை, துருவும் இல்லை. இரண்டு வாயும் அகலத் திறந்து அவள் பக்கம் நீண்டன.

"என்ன அக்கா, எதுங்க?"

"தெரியல சார்" என்றாள் மைமூன். "பசிக்குது, அது மட்டும் தெரியுது."

தனபாக்கியம் மண்வெட்டியை எடுத்தாள்.